உம் கொட்டுகிறவள்

கதை சொல்ல ஒருவர் இருந்தால் ‘உம்’ கொட்ட இன்னொருவர் வேண்டும். பாலசமுத்திரத்தில் என் சிறு வயதில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வார். பாட்டி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே ‘உம்’ என்பார். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். ‘என்ன, தூங்கிட்டியா?’ என்று திண்ணையிலிருந்து குரல் வரும். அந்தக் கதைகள் தாத்தாவின் கதைகள் என்றே எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படுகின்றன. பாட்டியின் உம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இத்தாலியக் கலை விமர்சகர் கார்லா லோன்ஸியின் ‘தன்னுருவம்’ என்ற நூலைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் உம்தான் நினைவுக்கு வந்தது. இத்தாலியில் 1969இல் வெளிவந்த புத்தகம் அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2021 வரை ஆகியது. அலிசன் கிரிமால்டி டோனஹ்யூ மொழிபெயர்த்த அந்தப் பதிப்பைத்தான் நான் வாசித்தேன். தற்கால இத்தாலியக் கலையைக் கலைஞர்களின் வாயாலேயே சொல்ல வைத்த நூல் என்று அதை அறிமுகப்படுத்துவது வழக்கம். அது உண்மைதான். அந்த உண்மைக்குள் ஒரு பெண் என்ன கற்றுக்கொண்டாள், எதை விட்டு வெளியேறினாள் என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை. அதோடு, என்னுடைய பழைய கேசட்டுகள் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1

லோன்ஸி 1931இல் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். ராபெர்த்தோ லோங்கி என்ற பெரும் கலை வரலாற்றாசிரியரிடம் படித்தவர். 1960களில் சமகாலக் கலைஞர்களைப் பற்றி எழுதி, கண்காட்சிகளுக்கு முன்னுரைகள் தந்து, அந்தத் துறையில் மதிக்கப்பட்ட பெயராக இருந்தார். அப்போதே அவருக்குள் ஒரு சங்கடம் இருந்தது. கலைஞர் ஒரு பொருளைச் செய்கிறார். விமர்சகர் வந்து அது என்னவென்று தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தீர்ப்பே பிறகு வரலாறாகிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் விமர்சகருக்குக் கிடைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பதிலாக அவர் ஒரு டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். 1965 முதல் 1969 வரை பல கலைஞர்களுடன் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்தார். லூசியோ ஃபொந்தானா, யானிஸ் கூனெல்லிஸ், பினோ பாஸ்காலி, ஜூலியோ பாவோலினி, லூச்சியானோ ஃபாப்ரோ, பியெத்ரோ கொன்சாக்ரா, கார்லா அக்கார்டி எனப் பதினான்கு பேர். பிறகு அந்த நாடாக்களை எழுத்தாக்கி, வெட்டி, கலைத்து, ஒட்டினார். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் நூல் அமைந்தது. ஃபொந்தானாவும் பாஸ்காலியும் நூல் வெளிவருவதற்கு முன்பே, 1968இல், இறந்துவிட்டார்கள். நூலுக்குள் அவர்கள் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நூலில் அத்தியாயம் இல்லை, தலைப்பு இல்லை, ‘இவர் இந்தப் பாணியைச் சேர்ந்தவர்’ என்ற வகைப்படுத்தல் இல்லை. பேச்சு கலையிலிருந்து சாப்பாட்டுக்குப் போகிறது, ஊருக்குப் போகிறது, பிள்ளைக்குப் போகிறது, திரும்பி வருகிறது. தயக்கமும் குறுக்கீடும் வெட்டப்படவில்லை. இடையிடையே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கலைப் படைப்புகளின் படங்களோடு குழந்தைப் பருவப் படங்கள், பயணப் படங்கள், குடும்பப் படங்களும் உண்டு. இவ்வளவும் ஒரு விமர்சகர் தன் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்ததால் நடந்தது.

பதினான்கு பேரில் ஒருவர் பேசவே இல்லை. ரோமில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் சை ட்வாம்பிளிக்கு லோன்ஸி கேள்விகள் அனுப்பினார், பதில் வரவில்லை. வேறு விமர்சகராக இருந்தால் அந்தப் பெயரை நீக்கிவிட்டு மீதிப் பதின்மூன்று பேரோடு நூலை முடித்திருப்பார். லோன்ஸி கேள்விகளை அப்படியே அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘மௌனம்’ என்று போட்டார். பேச மறுப்பதும் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதுதான் என்பதை அந்தப் பக்கங்கள் ஒத்துக்கொள்கின்றன. முதுகலை மாணவிகளுக்குக் களப்பணி பற்றி வகுப்பெடுக்கும்போது நான் முதலில் காட்டுவது இதைத்தான். ‘தகவலாளி ஒத்துழைக்கவில்லை’ என்று நாம் எழுதும் வாக்கியத்தை ஒருமுறை நிறுத்தி யோசிக்க அது உதவும்.

2

இனி அந்த அறையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பேசுபவர்கள் பதினான்கு பேர். அவர்களில் பெண் ஒருவர், கார்லா அக்கார்டி. கேட்பவர் ஒரு பெண். ஆண்கள் பதின்மூன்று பேர். அவர்களில் ஒருவர் மௌனம். மற்றவர்கள் தங்கள் கலை, தங்கள் அலைச்சல், தங்கள் சந்தேகம் என்று பேச, ஒரு பெண் கேட்டு, பதிவு செய்து, எழுத்தாக்கி, அழகாக அடுக்கித் தருகிறாள். விமர்சகரின் அதிகாரத்தை விட்டுக்கொடுத்த பிறகு லோன்ஸிக்கு மிஞ்சியது என்ன? உம் கொட்டும் வேலை.

இது நான் அவர்மேல் ஏற்றும் வாசிப்பு அன்று. அவரே சில மாதங்களில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1970 ஜூலையில் லோன்ஸி, அக்கார்டி, எல்விரா பனோத்தி மூவரும் சேர்ந்து ‘பெண் கிளர்ச்சி’ என்ற குழுவைத் தொடங்கி, ரோமின் சுவர்களில் அறிக்கை ஒட்டினார்கள். அதே ஆண்டில் ஹேகலையும் மார்க்சியத்தையும் பெண்ணின் பக்கமிருந்து கேள்வி கேட்கும் அவருடைய புகழ்பெற்ற சிறுநூல் வந்தது. 1971இல் குழுவின் பெயரில் வந்த இன்னொரு அறிக்கை நேரடியாகக் கலையைப் பற்றியது. ஆண்களின் படைப்புக் கொண்டாட்டத்தில் பெண்ணுக்குத் தரப்பட்டிருப்பது பார்வையாளர் இடம். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் கொண்டாட்டம் நடக்கும். எனவே எழுந்து போய்விடுவதே செய்யத்தக்கது என்பது அதன் சாரம். லோன்ஸி எழுந்து போனார். கலை விமர்சனம் எழுதுவதை விட்டுவிட்டார்.

பெண்ணியத் திறனாய்வில் ‘பெண் குரலை மீட்டெடுப்பது’ என்ற சொற்றொடரை நாம் அடிக்கடி எழுதுகிறோம். லோன்ஸியின் பாதை அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை நிறுத்துகிறது. மீட்டெடுக்கும் வேலையைச் செய்பவளின் குரல் எங்கே போகிறது? அவருடைய அடுத்த புத்தகங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தன. 1978இல் வந்த பெரும் நாட்குறிப்புக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் ‘வாயை மூடு, இல்லை, பேசு’ என்று சொல்லலாம். 1980இல் அவர் மறுபடியும் டேப்ரெக்கார்டரை எடுத்தார். இம்முறை எதிரே இருந்தவர் ஒருவர் மட்டும்: சிற்பி பியெத்ரோ கொன்சாக்ரா. முதல் நூலின் பதினான்கு பேரில் ஒருவர், பல ஆண்டுகள் லோன்ஸியின் துணைவர். நான்கு நாட்கள் நடந்த அந்த உரையாடலில் லோன்ஸி கேட்பது ஒன்றுதான். உன் வேலைக்காக நம் நேரமெல்லாம் வளைகிறது. நம் உறவைக் காப்பாற்ற நான் செய்வது வேலைக் கணக்கில் வருமா, வராதா? கொன்சாக்ரா தன் கலையின் தேவையைச் சொல்கிறார். இருவரும் நேர்மையாகவே பேசுகிறார்கள், ஒத்துப்போகவில்லை. ‘நீ போகலாம்’ என்பது நூலின் தலைப்பு. 1982இல் லோன்ஸி இறந்தார்.

முதல் நூலையும் இந்த நூலையும் அடுத்தடுத்துப் படிக்கும்படி மாணவிகளுக்குச் சொல்வேன். அதே கருவி, அதே இரண்டு பேர். 1969இல் அவர் பேசினார், இவர் கேட்டார். 1980இல் இவர் பேசியபோதுதான் கேட்பது எவ்வளவு கடினம் என்பது அந்த அறையில் தெரிந்தது.

3

லோன்ஸியின் முடிவை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தயக்கத்துக்குக் காரணம் அக்கார்டி.

சிசிலியின் த்ராபானியில் 1924இல் பிறந்த அக்கார்டி, 1947இல் ரோமில் தொடங்கிய ‘ஃபோர்மா 1’ என்ற அருவக் கலைக் குழுவில் ஒரே பெண். 1960களின் நடுவிலிருந்து சிக்கோஃபாயில் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் வரைந்தார். அதைக் கொண்டு ஆள் நுழையும் கூடாரமே செய்தார். பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். தன் வகுப்புச் சிறுமிகளோடு ஆண் உயர்வு, பெண் தாழ்வு என்பது பற்றிப் பேசி, அந்தப் பேச்சை 1972இல் ‘மேலும் கீழும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். அந்த உரையாடல்களின் விலையாக அவர் ஆசிரியர் வேலை போயிற்று. கலைஞர்களைப் பேசவைத்து விமர்சகர் தொகுத்த நூலைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. கலைஞர் ஒருவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகளைப் பேசவைத்துத் தொகுத்த இந்தச் சிறிய நூல் அதற்குக் குறைந்ததன்று என்பேன்.

கலை என்ற நிறுவனமே ஆண்களுடையது; அதற்குள் இடம் கேட்பது அதை ஒத்துக்கொள்வதாகும் என்று லோன்ஸி நினைத்தார். அக்கார்டி ஓவியத்தை விட மறுத்தார். 1970களின் முற்பகுதியிலேயே இருவரும் பிரிந்தார்கள். 1976இல் அக்கார்டி ரோமில் வேறு பெண் கலைஞர்களோடு சேர்ந்து ஒரு கூட்டுறவுக் காட்சிக்கூடம் தொடங்கினார். 2014இல் இறக்கும் வரை வரைந்துகொண்டிருந்தார்.

கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் நான் அக்கார்டி பக்கம் சாய்கிறேன். எழுந்து போவதற்கு முதலில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்திருக்க வேண்டும். நம்மில் பலருக்கு அது கிடைத்ததே நேற்றுத்தான். ஆனால் லோன்ஸி கேட்ட கேள்வி அக்கார்டியின் ஓவியங்களால் தீர்ந்துவிடவில்லை. யாருடைய செலவில் இந்தக் குரல் பதிவாகிறது என்ற கேள்வி அது. நம் பக்கம் வந்தால் அதற்குக் கூர்மை கூடுகிறது.

4

நம் நாட்டில் ஓவியர் ஒருவரின் சொந்தக் குரல் என்றதும் அமிர்தா ஷெர்கில்லின் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. 1924இல், சிறுமியாக, சில மாதங்கள் ஃபிளாரன்ஸில் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் அவர். விவான் சுந்தரம் அவருடைய கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதன் தலைப்பிலும் ‘தன்னுருவம்’ என்ற சொல் உண்டு. ஆனால் அந்த உருவத்தில் ஓட்டைகள் உண்டு. 1938இல் அமிர்தா ஹங்கேரியில் இருந்தபோது, அவர் இந்தியாவில் விட்டுப்போன கடிதங்களில் ஒரு பகுதியைப் பெற்றோர் படித்து எரித்துவிட்டார்கள். அந்தச் செய்தி அறிந்து அவர் எழுதிய கடிதம் தப்பியிருக்கிறது. எரிந்தவற்றைப் பற்றிய வலிதான் எஞ்சிய குரலில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 1937இல் தெற்கே வந்து திரும்பியபின் அவர் தீட்டிய ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தினர்’ என்ற படத்தைப் பார்க்கிறோம். வரைந்தவரின் மனம் கடிதங்களில் கிடைக்கிறது. வரையப்பட்ட பெண்கள் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்கும் இல்லை.

இந்த இடைவெளியை உணர்ந்து வேலை செய்தவர்களும் நம்மிடையே உண்டு. அம்பை என்று நாம் வாசிக்கும் சி.எஸ்.லக்ஷ்மி, 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பாடகிகளோடும் நடனக் கலைஞர்களோடும் அவர் நடத்திய உரையாடல்கள் 2000இலும் 2003இலும் காலி ஃபார் விமன் வெளியீடாக ஆங்கிலத்தில் நூல்களாயின. ராகத்தையும் முத்திரையையும் பேசும் அதே மூச்சில் வீட்டையும் மேடையையும் உடம்பையும் பேச இடம் தருவது அந்த உரையாடல் வடிவம். கேட்பவர் மறைந்துகொள்வதும் இல்லை.

புதுச்சேரி அருகே ஒரு கிராமத்து வீரம்மாவோடு ஜோசியான் ராசின் பத்தாண்டுக் காலம் பேசிப் பதிவு செய்ததும் இந்த வரிசையில் வரும். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்த அந்த நூலின் அட்டையில் வீரம்மாவின் பெயர் ஆசிரியர் பெயராகவே நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலித் பெண், பாட்டுக்காரி, நூலாசிரியர். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். ஏனென்று சொல்கிறேன்.

5

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒப்பாரி. பாலசமுத்திரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கேசட் கேசட்டாகப் பதிவு செய்தேன். நன்றாகப் பாடியவர் ஒரு மூதாட்டி. எழுபது வயதிருக்கும். ஊரில் எந்த எழவு வீட்டிலும் அவர் குரல் கேட்கும். ஆய்வேட்டில் அவர் ‘தகவலாளி 7’. பெயர் இல்லை, வயது, சாதி, ஊர் மட்டும். அவர் பாடிய முப்பத்தொரு பாடல்கள் பின்னிணைப்பில் அச்சாயின. பாட்டுக்கு நடுவே பேசியதெல்லாம் தரவு இல்லை என்று நானே விட்டுவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் நம்பினேன்.

லோன்ஸியைப் படித்து முடித்த வாரத்தில், பரண்மேல் அட்டைப் பெட்டியில் கிடந்த கேசட்டுகளை இறக்கினேன். சில பூசணம் பிடித்திருந்தன. ஓடக்கூடியவற்றைப் பழனியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துக் கணினிக்கு மாற்றி வாங்கினேன். இம்முறை பாட்டுகளைத் தள்ளிவிட்டு நடுவே உள்ளதைக் கேட்டேன்.

முதலில் அவர் கேட்கிறார்: ‘ஏனுங்கம்மிணி, உங்கூட்டுல யாருமே சாகலீங்களே, இத எதுக்குங்க புடிக்கறீங்க?’ நான் சிரிக்கிறேன். பதில் சொல்லவில்லை.

இன்னோர் இடத்தில் ஒரு பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: ‘இந்த அடி நான் கட்டுனதில்லீங்க. எங்க அத்த கட்டுனது. ஆயக்குடியில இருந்து கொண்டாந்தது.’ ஆய்வேட்டில் அந்தப் பாட்டின் கீழ் ‘ஆசிரியர் பெயர் அறியப்படாத வாய்மொழி மரபு’ என்று எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது இடம் என்னை உட்கார வைத்துவிட்டது. ‘அம்மாளுக்கு அழுவறப்ப இழுத்துப் பாடோணுங்க. புருசனுக்கு அழுவறப்ப அப்படி இழுக்கக் கூடாது, வெடுக்குனு நிறுத்தோணும். நிறுத்தி வுட்டாத்தான் மத்த பொம்பளைக உள்ள வருவாங்க. நாமளே பாடி முடிச்சுட்டா அவங்க அழுவறதுக்கு எடம் எங்கீங்க இருக்கும்?’

ஒப்பாரியின் யாப்பு பற்றி நான் ஓர் இயல் முழுக்க எழுதியிருக்கிறேன். அடி ஏன் அப்படி முறிகிறது என்று கோட்பாடுகளைத் தேடியிருக்கிறேன். அதைச் செய்தவர், ஏன் செய்கிறேன் என்பதை, என் கருவிக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். அவர் தன் கலைக்குத் தானே விமர்சகராக இருந்திருக்கிறார். நான் அதைச் சளசளப்பு என்று வெட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேசட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் பதிவு செய்தது அது. நான் படிக்கட்டில், அவர் அதற்குக் கீழே, மண்ணில். எழுபது வயதுக்காரர் இருபத்தாறு வயது என்னை ‘அம்மிணி’ என்கிறார், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிறார். நான் அவரை ‘நீங்க’ என்கிறேன். பல்கலைக்கழகத்தில் கற்ற மரியாதை அது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது: ‘பாட்ட மட்டும் சொல்லு. கத பேசாத.’ என் அம்மாவைவிட அவர் இருபது வயது மூத்தவர். உடனே அவர் பாட ஆரம்பிக்கிறார்.

அம்மா வாயால் சொன்னதைத்தான் நான் ஆய்வேட்டில் கத்தரிக்கோலால் செய்தேன். பாட்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ‘நீ’யும் ‘ங்க’வும் விழுந்துபோயின. அவை விழுந்ததும், பாடியவர் எங்கே உட்கார்ந்து பாடினார் என்பதும் விழுந்துவிட்டது. தயக்கத்தையும் குறுக்கீட்டையும் லோன்ஸி ஏன் நீக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. பின்னணிச் சத்தம் என்று நாம் ஒதுக்குவதில்தான் யார் மேலே, யார் கீழே என்பது பதிவாகியிருக்கிறது.

6

அந்த மூதாட்டி இன்று இல்லை. பதிவின் நகலை எடுத்துக்கொண்டு அவர் மகளைப் பார்க்கப் போனேன். பெயரோடு, நடுவே பேசியதையும் சேர்த்து, அந்தப் பாட்டுகளைப் புதிதாக வெளியிட வேண்டும் என்று சொன்னேன். என் மனதில் வீரம்மாவின் அட்டை இருந்தது. மகள் முழுவதும் கேட்டார். அம்மாவின் பேச்சு வந்த இடங்களில் சிரித்தார். ஓரிடத்தில் முந்தானையை எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: ‘பேரு வேண்டாங்க. என்ற பொண்ணு டவுன்ல வேலைக்குப் போறா. அவ பாட்டி எழவூட்டுல பாடினவங்கன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா என்ன சாதின்னு அடுத்த கேள்வி வரும்.’

நான் கொண்டுபோன நியாயம் அங்கே செல்லவில்லை. பெயரை மறைத்தது முதலில் நான் செய்த தவறு. இப்போது பெயரைச் சொல்வது என் குற்றவுணர்வைத் தீர்க்கும். அவர் பேத்திக்கு என்ன செய்யும்? ஓப்பாரிக்கு எழவு வீட்டில் மதிப்பு இருக்கலாம், ஆய்வேட்டில் மதிப்பு இருக்கலாம். அதைப் பாடும் கடமையை ஒரு சாதியின் தலையில் கட்டியவர்கள் மத்தியில் வாழ்கிறவர்களுக்கு அதை மறைக்கும் உரிமையும் வேண்டும். எனவே இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. முன்பு இல்லாததற்கும் இப்போது இல்லாததற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: இம்முறை கேட்டுவிட்டு எழுதாமல் விடுகிறேன். ட்வாம்பிளியின் பெயருக்குக் கீழே ‘மௌனம்’ என்று அச்சிட்டதன் நேர்மையில் கொஞ்சமாவது இதில் இருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பொருந்தலில் 2009, 2010இல் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் அகழாய்வு நடத்தினார். ஓர் ஈமக்குழியில் நெல்மணிகள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. அதே புதைகுழியில் கிடைத்த ஒரு பானைத் தாங்கியில் ‘வயிர’ என்று தமிழி எழுத்தில் பொறித்திருந்தது. ஒரு சொல் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. அந்தத் தாங்கியை வனைந்த கை யாருடையது, அந்தச் சாவுக்கு அழுத பெண்கள் எந்த இடத்தில் நிறுத்தி அழுதார்கள் என்பதற்கு மண்ணில் தடயம் இல்லை. எது எழுத்தில் ஏறும், எது ஏறாது என்பது அன்றும் யாரோ எடுத்த முடிவாகத்தான் இருந்திருக்கும்.

7

முடிப்பதற்கு முன் இன்னோர் இத்தாலியப் பெண். மரியா லாய், சார்தீனியத் தீவின் மலைக்கிராமமான உலாஸாயில் 1919இல் பிறந்தவர். தறி, நூல், ரொட்டி மாவு, தைத்த புத்தகங்கள் என்று வேலை செய்தவர். சொந்த ஊர் அவரைப் போர் நினைவுச்சின்னம் செய்து தரச் சொன்னது. அவர் அதை ஏற்காமல், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழங்கதையைக் கையில் எடுத்தார். மலை சரியும் நேரத்தில் ஒரு நீல நாடாவின் பின்னால் ஓடி உயிர் தப்பிய சிறுமியின் கதை. 1981 செப்டம்பரில், சுமார் 27 கிலோமீட்டர் நீலத் துணி நாடாவை ஊரார் வீட்டுக்கு வீடு கட்டி, கடைசியில் மலை உச்சியோடு இணைத்தார்கள்.

எல்லோரும் உடனே சம்மதித்துவிடவில்லை. பகையுள்ள வீடுகள் உண்டு. அவனோடு நான் ஏன் கட்டப்பட வேண்டும் என்றார்கள். ஒத்துக்கொள்ளவைக்க ஒன்றரை ஆண்டு பிடித்தது. இறுதியில் ஒரு வழி கண்டார்கள். பகை உள்ள இடத்தில் நாடா நேராக, முடிச்சு இல்லாமல் போகும். நட்பு உள்ள இடத்தில் ஒரு முடிச்சு. அன்பு உள்ள இடத்தில் முடிச்சோடு ஒரு ரொட்டி.

கலைஞரின் குரல் என்றால் கலைஞர் தன்னைப் பற்றிப் பேசுவது என்று எடுத்துக்கொள்கிறோம். லாயின் படைப்பில் கேட்பது ஊராரின் குரல். அவர்களுடைய முணுமுணுப்பும் மறுப்பும் சேர்ந்தே அந்த நாடாவில் இருக்கின்றன. பகையை அவர் வெட்டி எறியவில்லை. அதற்கு ஒரு குறி கொடுத்தார். ஒன்றரை ஆண்டு கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் காதும் நாடாவில் இருக்கிறது. உம் கொட்டுவது இங்கே படைப்பின் பாதி.

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்படி ஒரு நாடாவைக் கட்டினால் அது எந்தத் தெரு முனையில் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கும் உங்களுக்கும் உங்கள் ஊரில் அந்த முனை தெரிந்திருக்கும். என் கேசட்டில் நாடா அறுந்த இடம் எங்கள் வீட்டு வாசற்படி.

இப்போது களப்பணிக்குப் போகும் மாணவிகளிடம் மூன்று விஷயங்கள் சொல்கிறேன். பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்தாதீர்கள். உங்கள் குரலையும் உங்கள் வீட்டுக் குரலையும் வெட்டாதீர்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்றும் கேளுங்கள். அந்த ஏன், பெயரைவிடப் பெரிய தகவலாக இருக்கலாம்.

அந்த மூதாட்டியின் முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இத எதுக்குங்க புடிக்கறீங்க? அன்று பட்டத்துக்காக என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்லக் கூசி நான் சிரித்திருக்கிறேன். சிரிப்பு முடிந்து, அவர் பதிலுக்காகக் காத்திருக்கும் ஐந்தாறு நொடிகள் கேசட்டில் அப்படியே ஓடுகின்றன. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்கிறது. பிறகு அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பிக்கிறார்.